மவுஸைப் பழகுபவர் கையில் விடுங்கள்: கந்தோர்க் கணினி, வாசகர் கேள்வி – பதில்

வேலைத்தலங்களில் முதன்முதலாகக் கணினிக்கு முன்னால் உட்காருபவர்களுக்கு எப்படிப் பழக்குவது என்று வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில். ஒரே கேள்வியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம், பெயர்களை விட்டிருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் சொற்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறோம். பழக்குபவர் வாயால் சொல்லும்போதும் அப்படித்தானே சொல்லப்போகிறார்.

எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு கணினிகள் வந்திருக்கின்றன. ஐந்து பணியாளர்கள், எல்லாரும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பேரேடு எழுதுவதில் கெட்டிக்காரர், மவுஸைத் தொட்டதில்லை. எதிலிருந்து தொடங்குவது?
முகாமையாளர், சாவகச்சேரி

"இது மொனிற்றர், இது சீபியூ" என்று உறுப்புகளைக் காட்டித் தொடங்காதீர்கள். அந்தப் பாடம் சோதனைக்கு உதவும், வேலைக்கு உதவாது. முதல் நாளை மவுஸுக்கே ஒதுக்குங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணித்தியாலம் போதும். அதற்கு மேல் போனால் கண் களைக்கும், தோள் நோகும், சொன்னதும் ஏறாது. ஒரு கணினிக்கு இருவர். மூன்றாவது ஆளை இருத்தினால் அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

மவுஸ் பழகும்போது எல்லாரும் தடக்குப்படும் இடங்கள் மூன்று. முதலாவது, மேசை விளிம்பு. மவுஸ் விளிம்புக்கு வந்துவிடும், அம்பு இன்னும் திரையின் பாதியில் நிற்கும். பழகுபவர் கையை முறுக்கிக்கொண்டு திகைத்திருப்பார். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்தால் அம்பு அசையாது என்பதை அவரே ஒருமுறை செய்து பார்க்கவேண்டும். இரண்டாவது, இடது வலது. "இடது கிளிக், வலது கிளிக்" என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். "சுட்டுவிரல், நடுவிரல்" என்று சொல்லுங்கள், விரல் தானாகப் போகும். நடுவிரலின் வேலையை இரண்டு மூன்று நாட்களுக்கு எடுக்கவே வேண்டாம். தெரியாமல் அது அமர்ந்து ஒரு நீளப் பட்டியல் திறந்தால் எஸ்கேப் விசையை அழுத்தச் சொல்லுங்கள், போய்விடும்.

மூன்றாவதுதான் பெரிய இடைஞ்சல்: இரட்டைக் கிளிக். இரண்டு அழுத்தலுக்கும் இடையில் கை ஒரு நூல் அசையும். கணினி அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ளும், படம் இடம் மாறிப்போகும். "திறக்குதில்லை, ஓடுது" என்று முறையிடுவார்கள். இதற்காக ஒரு கிழமையை வீணாக்காதீர்கள். ஒருமுறை கிளிக் செய்து, பிறகு என்டர் விசையை அழுத்தினாலும் கோப்புத் திறக்கும். அப்படியே பழக்கலாம். விரும்பினால் கன்ட்ரோல் பனலில் மவுஸ் என்ற பகுதிக்குப் போய் இரட்டைக் கிளிக்கின் வேகத்தைக் குறைத்தும் விடலாம். அதே கையோடு அம்பின் அளவைப் பெருப்பித்து, டிஸ்ப்ளே பகுதியில் எழுத்தளவை 125 வீதமாக்குங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இழுத்து வைக்கும் பழக்கத்துக்குச் சீட்டு விளையாட்டைப் போல நல்ல பயிற்சி இல்லை. 1990 இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சொலிரெயார்தான் உலகத்தில் பாதிப் பேருக்கு மவுஸ் பழக்கியது. கந்தோரில் சீட்டாட்டமா என்று பணிப்பாளர் சபை கேட்டால், பயிற்சி என்று பதில் எழுதுங்கள்.

இரண்டாம் நாள் எழுத்து. வெறும் பயிற்சி வசனம் வேண்டாம். நாளைக்குச் சங்க வாசலில் ஒட்டவேண்டிய அறிவித்தலோ விலைப்பட்டியலோ எதுவோ அதையே அடிக்கவிடுங்கள். நான்கு வரி அடிக்க அரை மணித்தியாலம் போகும், போகட்டும். அச்சாகி வெளியே வந்த தாளைச் சுவரில் ஒட்டும்போது வரும் உற்சாகத்தைப் பாடப்புத்தகம் தராது. ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், ஷிப்ட் ஆகிய நான்கு விசைகளும் அன்றைக்குப் போதும். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அடிப்பார்கள், ரைப்ரைட்டர் பழக்கம். பந்தி முடிந்தால் மட்டும் என்டர் என்பதை அப்போதே திருத்திவிடுங்கள், பிறகு திருத்துவது பாடு.

யூபிஎஸ் வாங்கியிருந்தால் அதில் கணினியையும் திரையையும் மட்டும் கொழுவுங்கள். லேசர் பிறின்ரர் சூடேறும்போது இழுக்கும் கறன்ற் அதிகம், யூபிஎஸ் அலறி நின்றுவிடும். கறன்ற் போனதும் அது தரும் சில நிமிடங்கள் சேமித்து மூடுவதற்கே ஒழிய, கடிதத்தை அடித்து முடிப்பதற்கு அல்ல.

எங்கட ஸ்ரோர்ஸ் அண்ணைக்கு ஈமெயில் பழக்கச் சொல்லி என்னட்ட விட்டிருக்கினம். மூண்டு தரம் சொல்லிக் குடுத்தாச்சு. சொல்லேக்க தலையாட்டுறார், அடுத்த நாள் முதலில இருந்து கேக்கிறார். அவருக்கு விருப்பமில்லையோ?
கணக்குப் பகுதி, சுன்னாகம்

அடுத்த தரம் சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் வலது கை எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அநேகமாக மவுஸில் இருக்கும். தெரிந்தவர் மூன்று செக்கனில் ஐந்து கிளிக் செய்துவிடுவார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அம்பு பறந்தது மட்டும்தான் தெரியும். மரியாதைக்காகத் தலையாட்டுவார்.

கதிரையை அவருக்கு இடப்பக்கம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். திரையில் ஓரிடத்தைக் காட்டவேண்டுமென்றால் பேனையால் காட்டலாம், மவுஸைத் தொடக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வசனம் மட்டும் சொல்லுங்கள், அவர் செய்து முடித்தபின் அடுத்தது.

பிறகு ஒரு அப்பியாசக் கொப்பி. நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் குறிப்பு லாச்சிக்குள் போய்விடும். அவர் தன்னுடைய சொல்லில் எழுதவேண்டும். "பென்சில் படம் போட்ட பெட்டியை அமத்து. ரூ எண்டதில ஆற்றை முகவரி. கீழ் வரியில என்ன விசயம். பெரிய வெள்ளையில கடிதம். பேப்பர் கிளிப் படம், பைலை எடு. நீலப் பெட்டி, போகும்." இப்படி ஆறு வரி இருந்தால் ஜிமெயிலில் கடிதம் அனுப்பிவிடலாம். அடுத்த நாள் காலையில் நீங்கள் வாய் திறக்காமல், கொப்பியைப் பார்த்து அவரையே செய்யவிடுங்கள். எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியில்தான் பிழை. அதை அவரே திருத்தி எழுதட்டும். ஒரு கிழமை கழித்து மறுபடி தொடங்கினால் சரிவராது. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், அதுவும் உண்மையான வேலை. களஞ்சிய இருப்பு விபரத்தை மாலையில் உங்களுக்கு ஈமெயிலில் அனுப்பவேண்டும் என்று வைத்துவிட்டால் பதினைந்து நாளில் கொப்பி தேவைப்படாது.

விருப்பமின்மை என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் பயம். எதையாவது அழித்துவிடுவேனோ, உடைத்துவிடுவேனோ என்ற பயம். அதற்கு ஒரு மருந்து உண்டு: வெறும் கோப்பு ஒன்றை அவர் கையாலேயே அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னுக்குள் போய் ரிஸ்ரோர் கொடுத்து மீட்கச் சொல்லுங்கள். ஒரு பந்தியை அழித்துவிட்டு கன்ட்ரோல் விசையோடு இசெட்டை அழுத்தச் சொல்லுங்கள். போனது திரும்பி வருவதைக் கண்டால் கையின் இறுக்கம் தளரும்.

"இது சரியான ஈசி அண்ணை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈசியானதே தனக்கு வரவில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும்.

போன மாதக் கடிதத்தைத் திறந்து, திகதியையும் பெயரையும் மாற்றி அனுப்பினேன். இப்போது போன மாதக் கடிதத்தைக் காணவில்லை.
எழுதுவினைஞர், யாழ்ப்பாணம்

காணாமல் போகவில்லை, அதன் மேலேயே புதியதை எழுதிவிட்டீர்கள். சேவ் கொடுத்தால் திறந்த கோப்பிலேயே விழும். பழையதை மாதிரியாக வைத்து எழுதுவதென்றால், திறந்தவுடன், ஒரு எழுத்தும் மாற்றமுதல், வேர்ட்டில் எஃப் 12 ஐ அழுத்திப் புதுப் பெயர் கொடுத்துவிடுங்கள். பிறகு எதை மாற்றினாலும் புதியதில்தான் மாறும். போன மாதத்துக் கடிதம் ஈமெயிலில் போயிருந்தால் சென்ற் பெட்டிக்குள் பாருங்கள், அங்கே அப்படியே இருக்கும்.

பெயர் வைப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆண்டு, மாதம், நாள், பிறகு விடயம்: "2025-10-14 விலைக்கோரல் சீமெந்து" என்பது போல. இப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் அடுக்கப்படும். 14/10/2025 என்று சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றையும் ஏற்காது. புதியவர்கள் கணினி பழுதென்று எழுந்து வருவதற்கு இது ஒரு வழமையான காரணம்.

காணாமல் போன இன்னொரு வகையும் உண்டு. ஈமெயிலில் வந்த கோப்பைத் திறந்தால் அது டவுன்லோட்ஸ் என்ற போல்டருக்குள் இறங்கும். மறுபடி திறந்தால் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று இலக்கம் போட்ட பிரதிகள் சேரும். திருத்தியது எது, திருத்தாதது எது என்று பிறகு தெரியாது. இறங்கியவுடன் அதை உரிய போல்டருக்கு வெட்டி ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும்.

கறன்ற் போகும்போது காப்பாற்ற வேர்ட் தானாகவே ஒரு பிரதி எடுக்கும், ஆனால் வழமையில் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். பைல், ஒப்ஷன்ஸ், சேவ் என்று போய் அதை 2 நிமிடமாக்குங்கள். ஆனாலும் அதை நம்பி இருக்கவேண்டாம்.

ஷிப்டைப் பிடித்துக்கொண்டு 2 ஐ அழுத்தினால் ஈமெயில் முகவரிக்குரிய 'அட்' குறி வராமல் மேற்கோள் குறி வருகிறது. கீபோர்ட் பழுதா?
கொடிகாமம்

இல்லை. விண்டோஸ் பிரித்தானிய விசை ஒழுங்கில் இருக்கிறது, உங்கள் கீபோர்ட் அமெரிக்க ஒழுங்கு. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மற்ற ஒழுங்குக்கு மாறும். பிறகு செற்றிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்ப் பிரித்தானிய ஒழுங்கை நீக்கிவிடுங்கள். அவசரத்துக்கு ஷிப்டோடு என்டருக்குப் பக்கத்து மேற்கோள் விசையை அழுத்தினால் 'அட்' வரும்.

ரூ, சீசீ, பீசீசீ ஆகியவற்றின் வித்தியாசத்தை எப்படி விளங்கப்படுத்துவது?
பருத்தித்துறை

அரச கடிதத்தின் அடியில் "பிரதி: 1. பிரதேச செயலாளர் 2. கோவை" என்று போடுவோமே, அதுதான் சீசீ. எங்கள் உத்தியோகத்தருக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. ரூ என்பது யார் நடவடிக்கை எடுக்கவேண்டுமோ அவர். பீசீசீ என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போகும் பிரதி. நாற்பது அங்கத்தவருக்கு ஒரே கூட்ட அறிவித்தலை அனுப்பும்போது முகவரிகளை அதற்குள் போடுங்கள். ரூவில் போட்டால் நாற்பது பேரின் முகவரியும் நாற்பது பேரிடமும் போய்ச்சேரும். அதிலொருவர் ரிப்ளை ஓல் அழுத்தி "சரி" என்று எழுதினால் அந்தச் "சரி"யும் எல்லாருக்கும் போகும்.

புதியவர் விடும் மற்றப் பிழைகளையும் சொல்லிவைப்போம். கடிதம் முழுவதையும் சப்ஜெக்ட் வரியில் எழுதுவது, முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ போடுவது, முகவரிக்குள் இடைவெளி விடுவது, புது விடயத்தைப் பழைய கடிதத்துக்குப் பதிலாக எழுதுவது. கடைசிப் பிழையால் மூன்று மாதம் கழித்து ஒன்றையும் தேடிப் பிடிக்க முடியாது. சப்ஜெக்டில் "வணக்கம்" என்று எழுதினாலும் அதே கதிதான். "ஒக்டோபர் மாத இருப்பு விபரம்" என்று எழுதவேண்டும்.

அனுப்பினதை மீட்க ஜிமெயிலில் அன்டூ உண்டு. வழமையில் 5 செக்கன் மட்டும். செற்றிங்ஸில் 30 செக்கனாகக் கூட்டிவிடுங்கள். பழகுபவரின் கணக்கில் முதல் செய்யவேண்டிய மாற்றம் இது. கோப்பைப் பிணைக்க மறந்தது அந்த அரை நிமிடத்துக்குள்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் கடைப் பொடியங்கள் எல்லாரும் வட்ஸ்அப்பில் சூரர். பில்லைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஈமெயில் எதற்கு?
ஹாட்வெயார் உரிமையாளர், மானிப்பாய்

அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கலாம், நல்ல வசதி. ஆனால் படம் தொலைபேசியோடு போகும். பொடியன் வேலையை விட்டால் பில்லும் போய்விடும். கடையின் பெயரில் ஈமெயில் இருந்தால் ஆள் மாறினாலும் பதிவு கடையில் இருக்கும். அடுத்தது, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், சின்ன இலக்கங்கள் கலங்கும். டொக்கியுமென்ற் என்று தெரிவு செய்து அனுப்பினால் சுருங்காது.

தொலைபேசியில் கூகுள் டிரைவைத் திறந்தால் ஸ்கான் செய்யும் வசதி இருக்கிறது. விளிம்பை வெட்டி நேராக்கி பி.டி.எஃப். ஆக்கித்தரும். பத்துப் பில்லும் ஒரே கோப்பில் வரும். ஜிமெயிலில் பிணைக்கக்கூடிய அளவு 25 எம்.பி. அதைத் தாண்டினால் கோப்புக்குப் பதிலாக டிரைவ் இணைப்பு ஒன்று போகும். பார்ப்பதற்கு அனுமதி கொடுக்காமல் அனுப்பினால் பெறுபவர் திறக்கமுடியாமல் அனுமதி கேட்டு எழுதுவார்.

தமிழில் அடித்து அனுப்பிய கடிதம் கொழும்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கிறதாம். எங்கள் கணினியில் வடிவாகத் தெரிகிறது.
நல்லூர்

பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. கணினிக்கு நீங்கள் அடித்தது ஆங்கிலம், மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ். பெறுபவரிடம் பாமினி இல்லையென்றால் போர்வை கழன்றுவிடும். ஈமெயிலின் உடலிலும் சப்ஜெக்டிலும் கோப்புப் பெயரிலும் யூனிகோட் (எந்தக் கணினிக்கும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடு) தமிழ் தவிர வேறெதுவும் நிற்காது.

இருபது வருடம் பாமினி அடித்த விரலைப் புது ஒழுங்குக்கு மாற்றச் சொல்வது அநியாயம், தேவையும் இல்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி ஒழுங்கைத் தெரிவு செய்தால் விரல் பழைய இடத்திலேயே போகும், வருவது யூனிகோட். புதிதாகப் பழகுபவருக்குத் தமிழ் 99 என்ற விசை ஒழுங்கைக் கொடுங்கள். இன்றைய விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய பாமினிக் கடிதங்களை இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றியில் ஒட்டி மாற்றலாம். மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் ஈமெயில் முகவரிகளும் தமிழாகிக் குழம்பியிருக்கும். நேரமில்லையென்றால் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அதற்குள் தமிழில் தேட முடியாது, வெட்டி எடுத்தால் திரும்பவும் குப்பைதான்.

கந்தோர் ஜிமெயிலை உருவாக்கிய தம்பி கனடாவுக்குப் போய்விட்டார். கடவுச்சொல் கேட்டால் அவருடைய பழைய நம்பருக்குக் குறியீடு போகிறது.
சங்கானை

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. ஏதாவது ஒரு கணினியிலோ தொலைபேசியிலோ அந்தக் கணக்கு இன்னும் திறந்திருந்தால் தயவுசெய்து சைன் அவுட் செய்யாதீர்கள். அங்கிருந்தே கூகுள் கணக்கின் செக்கியூரிற்றிப் பகுதிக்குப் போய் மீட்புத் தொலைபேசி இலக்கத்தை மாற்றப் பாருங்கள். தம்பியின் தொலைபேசியில் கணக்கு இன்னும் திறந்திருந்தால், அவர் அங்கிருந்தே மாற்றித்தரலாம். ஒன்றும் சரிவராவிட்டால் புதுக்கணக்குத் தொடங்குவதே வழி.

தொடங்கும்போது மீட்பு இலக்கமாகக் கந்தோரின் பெயரில் எடுத்த சிம்மைக் கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்பது) போட்டால் கூகுள் பத்துக் காப்புக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பாவிக்கலாம். அச்சிட்டுக் காசோலைப் புத்தகம் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். கடவுச்சொல்லை எழுதிவைக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. பூட்டிய பெட்டிக்குள் எழுதிவைக்கலாம், திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டத்தான் கூடாது. இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிக்கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

வழமையாகச் சரக்கு அனுப்பும் கொம்பனியிலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதுக் கணக்குக்குப் போடுங்கள் என்று ஈமெயில் வந்தது. நம்பலாமா?
யாழ்ப்பாணம், கஸ்தூரியார் வீதி

பணம் போடாதீர்கள். ஈமெயிலில் உள்ள இலக்கத்துக்கு அழைக்காமல், உங்கள் பழைய பில்லில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அனுப்பியவரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, பெயரில் அழுத்தி முழு முகவரியையும் எழுத்து எழுத்தாக வாசிக்கவேண்டும். ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். புதியவருக்கு இதைப் பழக்க, ஒரு நல்ல முகவரியையும் ஒரு கள்ள முகவரியையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்து வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிணைத்து வரும் கோப்பிலும் கவனம் வேண்டும்: கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வால்பெயரை விண்டோஸ் மறைத்துவைக்கும். கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் வியூ, ஷோ என்று போய் அதைத் தெரியச் செய்துவிட்டால் பி.டி.எஃப். வேடத்தில் வரும் .எக்ஸ்இ கோப்பும் (திறந்தால் ஓடும் மென்பொருள்) பிடிபடும்.

ஈமெயிலில் அனுப்பிய ஓடர் சட்டப்படி செல்லுமா?
காரைநகர்

செல்லும். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஒப்பந்தம் மின்வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அது செல்லாது என்று சொல்ல இடம்வைக்கவில்லை. காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் போன்றவை அதற்குள் வரா. அவற்றை ஈமெயிலில் முடிக்க முடியாது.

பயிற்சிக்கென்று ஒருவர் இரண்டு பழைய விண்டோஸ் 10 கணினிகள் தந்தார். பாவிக்கலாமா?
நெடுந்தீவு

மவுஸும் எழுத்தும் பழகத் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் தந்த வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே அதில் வங்கி அலுவலும் கந்தோரின் முக்கிய ஈமெயிலும் வேண்டாம். தந்தவரின் பழைய கோப்புகளும் திறந்திருக்கும் கணக்குகளும் உள்ளே இருக்கக்கூடும். செற்றிங்ஸில் ரிக்கவரிப் பகுதிக்குப் போய், ரீசெற் கொடுத்து, எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தெரிவு செய்து துடைத்தபின் பொடியங்களிடம் கொடுங்கள். அது ஒன்றிரண்டு மணித்தியாலம் ஓடும், இடையில் கறன்ற் போகாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.